உல்லாசப் படகுகளும் ஆற்றங்கரை அரிப்பும்

ஆற்றோரத்தில் நிலமுடைய குடியானவர்கள் வெள்ளத்திற்கு அஞ்சுவது இயல்பு. பெருவெள்ளம் ஒரே இரவில் கொல்லையையும் வரப்பையும் அடித்துக்கொண்டு போவதை யாவரும் அறிவர். ஆனால் வெள்ளமே இல்லாத காலத்தில், ஜலம் தெளிந்து மெல்ல ஓடும் மாதங்களில், கரை அங்குலம் அங்குலமாகக் கரைந்து போவதைப் பலர் கவனிப்பதில்லை. இவ்விதம் கரையைக் கரைக்கும் காரணங்களுள் ஒன்று, பொழுதுபோக்கிற்காக ஆற்றில் ஓட்டப்படும் மோட்டார்ப் படகுகள் எழுப்பும் அலையாகும்.

இவ்வலை எவ்வாறு கரையைக் கெடுக்கிறது, சேதத்தை அளந்தறிவது எப்படி, எவ்வித விதிகளால் அதைக் குறைக்கலாம் என்பவை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியாத் தீவிலுள்ள கார்டன் ஆற்றில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்கப்படுகின்றன. அவ்வாற்றில் கல்லணைப்போ சுவரோ கட்டாமல், படகுகளின் வேகத்தையும் அவை செல்லும் எல்லையையும் கட்டுப்படுத்தியதனாலேயே அரிப்பு பெரிதும் குறைந்தது என்பது அளவினால் நிரூபிக்கப்பட்ட விஷயம்.

கார்டன் ஆறு

தாஸ்மேனியாவின் மேற்குப் பாகத்தில் மழை மிகுதி. அங்குள்ள மலைகளில் தோன்றும் கார்டன் ஆறு அடர்ந்த காட்டின் நடுவே ஓடி, மக்வாரித் துறை என்னும் பெரிய உப்பங்கழியில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் ஆறு ஆழமாயும் ஓட்டம் மெதுவாயும் இருக்கிறது. ஹியூவான் பைன் முதலிய மரங்கள் நீர்விளிம்பு வரையில் வளர்ந்து, தங்கள் வேர்களால் கரையைக் கட்டி நிறுத்தியிருந்தன.

1982-ல் இப்பிரதேசம் உலகப் பாரம்பரியச் சொத்துக்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் பிராங்க்ளின் என்னும் உபநதி கலக்குமிடத்திற்குக் கீழே, கார்டன் ஆற்றின் குறுக்கே மின்சார உற்பத்திக்காக அணை கட்டும் திட்டமொன்று பெரும் விவாதத்திற்கு உள்ளாகியிருந்தது. 1983 ஜூலை 1-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் அத்திட்டம் நின்றது. விவாதத்தினால் ஆற்றின் பெயர் எங்கும் பரவிற்று. ஸ்ட்ராஹன் என்னும் துறைமுகச் சிற்றூரிலிருந்து பெரிய படகுகளில் ஏறி ஆற்றைக் காணச் செல்வோர் பெருகினர். இதன் பயனாக, அணையினின்று தப்பிய கரைகள் அவற்றைக் காண வந்தவர்களின் படகுகளாலேயே இடியத் தொடங்கின. அதுவரையில் நிலைபெற்றிருந்த கரைகள் கடுமையாக அரிக்கப்பட்டன. வேர்கள் வெளியே தெரிய, மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்தன.

அலை செய்யும் வேலை

குறுகிய ஆற்றில் காற்றினால் எழும் அலை சிறியது. இருபுறமும் மரமோ மேடோ இருந்தால் அதுவும் இராது. ஆகையால் அத்தகைய ஆற்றின் கரை, ஓட்டத்தைத் தாங்கப் பழகியதேயன்றி அலையைத் தாங்கப் பழகியதன்று. படகு செல்லும்போது அதன் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் அலைகள் வரிசையாகப் புறப்பட்டுச் சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் ஏறும்போது கரைமண்ணின் துவாரங்களில் ஜலம் புகுகிறது. அலை இறங்கும்போது அந்த ஜலம் வெளியே வடிந்து, தன்னுடன் பொடிமண்ணையும் இழுத்து வருகிறது. படகு சென்ற சிறிது நேரத்தில் கரையோரத்து ஜலம் கலங்கித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

அலை எப்பொழுதும் நீர்மட்டத்தையே தாக்குவதனால், அம்மட்டத்தில் கரை உள்ளே குடைந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. மேலுள்ள மண் தாங்குதலின்றித் தொங்கி நிற்கிறது. பின்னர் ஒரு நாள் தன் பாரத்தினாலேயோ, மழையில் நனைந்தோ, வெள்ளம் வடியும்போதோ அது பிளந்து விழுகிறது. விழுந்த நாளை மட்டும் பார்ப்பவர் மழையின்மேல் பழி சுமத்துவர். அடியைக் குடைந்தது முந்திய பல மாதங்களின் அலை என்பதை அவர் அறியார்.

அலையின் உயரம் இருமடங்கானால் அதன் சக்தி இருமடங்கன்று, நான்கு மடங்காகும். மும்மடங்கானால் சக்தி ஒன்பது மடங்காகும். ஆகையால் பத்துச் சிறிய அலைகளைவிட ஒரு பெரிய அலை அதிகக் கேடு செய்வதும் உண்டு. அலையின் உயரத்தைச் சிறிது குறைத்தாலும் கரைக்குக் கிடைக்கும் நன்மை பெரிதாயிருப்பது இதனாலேயே.

வேகத்திற்கும் அலைக்கும் உள்ள சம்பந்தம்

வேகமாகச் செல்லும் படகே பெரிய அலை எழுப்பும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. இது பாதி உண்மையே. படகின் ஓட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் படகு ஜலத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகச் செல்கிறது, அலை சிறியது. இரண்டாம் நிலையில் வேகம் கூடி, முன்பாகம் தூக்கி, பின்பாகம் தாழ்ந்து, படகு தன் அலையின்மேலேயே ஏற முயல்கிறது. அலை மிகப் பெரியது. மூன்றாம் நிலையில் இலேசான படகு ஜலத்தின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்கிறது. அலையின் உயரம் இரண்டாம் நிலையைவிடச் சற்றுக் குறைகிறது.

முதல் நிலை முடியும் வேகத்தைக் கணக்கிட எளிய விதி ஒன்றுண்டு. படகு நீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், அவ்வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் ஆகும். இவ்விதிப்படி 16 அடிப் படகுக்கு 5.4 நாட்டும், 25 அடிப் படகுக்கு 6.7 நாட்டும், 100 அடிப் படகுக்கு 13.4 நாட்டும் ஆகின்றன. ஆகவே 9 நாட் வேகம் 100 அடிக் கப்பலுக்கு நிதானமான நடை. 16 அடிப் படகுக்கோ அதுவே மிகப் பெரிய அலை எழுப்பும் நடுநிலையாகும். எல்லாப் படகுகளுக்கும் ஒரே வேகத்தை விதிப்பதில் உள்ள சங்கடம் இதனால் விளங்கும். பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடுவோரை இழுத்துச் செல்லும் படகுகள் உள்ளே ஜலத்தை நிரப்பிப் பாரமேற்றிக்கொண்டு, பெரிய அலை வேண்டுமென்றே நடுநிலையில் ஓட்டப்படுகின்றன. குறுகிய ஆற்றின் கரைக்கு இவை மிகவும் தீங்கானவை.

ஆழமும் கவனிக்கத்தக்கது. ஆழம் குறைந்த இடத்தில் படகின் வேகம் ஒரு குறித்த அளவை நெருங்கும்போது அலை மிகவும் உயருகிறது. 2 மீட்டர் ஆழத்தில் இவ்வளவு ஏறக்குறைய 8½ நாட் ஆகும். ஆகவே ஆற்றில் ஜலம் குறைந்த காலத்தில் படகை விரைவாக ஓட்டினால் கேடு அதிகம்.

கரையை விட்டு விலகிச் சென்றால் போதாதா என்று சிலர் வினவுவர். தூரம் இருமடங்கானாலும் அலையின் உயரம் ஐந்தில் ஒரு பங்கே குறையும். குறுகிய ஆற்றில் விலகிச் செல்ல இடமும் இல்லை. ஆதலால் தூரத்தைவிட வேகமே முக்கியமாகக் கட்டுப்படுத்தத்தக்கது.

அளவுகள் கூறுவது

கார்டன் ஆற்றில் கரையின் நிலையை அதிகாரிகள் கண் மதிப்பாக விட்டுவிடவில்லை. இரும்புக் கம்பிகளைக் கரையில் அடித்து, மண் கரையக் கரையக் கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறதென்று காலந்தோறும் அளந்தார்கள். இவ்வேலையின் பலன் 1995-ல் வெளியிடப்பட்டது. அதில் கண்ட முக்கியமான அளவுகள் வருமாறு:

(1) கழிமுகத்தை அடுத்த கரைகள் ஆண்டுக்குச் சராசரி 210 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலத்திற்குச் சற்று மேல் கரைந்துகொண்டிருந்தன. படகுகளின் வேகம் 9 நாட்டுக்கு மேற்படலாகாது என்று விதித்தபின், இது 19 மில்லிமீட்டராக, அதாவது முக்கால் அங்குலமாகக் குறைந்தது.

(2) ஆற்றின் ஒரு பகுதியில் வெள்ளம் ஒதுக்கிய மணல்மேட்டுக் கரைகள் உண்டு. இவை அதிகமாகப் பாதிக்கப்பட்டன. 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் சில இடங்களில் 10 மீட்டர் வரையில் கரை பின்வாங்கியதாக மதிப்பிடப்பட்டது. இப்பகுதியில் உல்லாசக் கப்பல்கள் செல்வதை அடியோடு நிறுத்தியபின், கரை பின்வாங்கும் வேகம் ஆண்டுக்கு 112 மில்லிமீட்டரிலிருந்து 13 மில்லிமீட்டராகக் குறைந்தது.

(3) வண்டல் கரைகளில், கப்பல்கள் விதிப்படி சென்றுகொண்டிருந்த இடத்தில் ஆண்டுக்கு 11 மில்லிமீட்டரும், கப்பல்கள் நிறுத்தப்பட்ட அதே ஜாதிக் கரையில் 3 மில்லிமீட்டரும் கரைந்தன.

மூன்றாவது அளவு சிந்திக்கத்தக்கது. 3 மில்லிமீட்டர் என்பது கப்பல் இல்லாதபோதும் நேரும் கரைவு. மிகுதியான 8 மில்லிமீட்டரைப் பெரும்பாலும் கப்பல்களின் பங்காகக் கொள்ளலாம். விதி ஏற்பட்டபின்னும் கேடு முற்றும் நீங்கவில்லை என்பதும், ஆனால் பெரிதும் குறைந்தது என்பதும் இதனால் தெரிகின்றன.

இந்த அளவுகளை நிலக்கணக்கில் கூறினால் குடியானவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒருவருக்கு ஆற்றோரமாக 100 மீட்டர் நீளம் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 210 மில்லிமீட்டர் வீதம் கரை போனால், ஓராண்டில் 21 சதுர மீட்டரும் இருபது ஆண்டுகளில் 420 சதுர மீட்டரும் போகும். இது பத்துச் சென்டுக்கு மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு 19 மில்லிமீட்டர் வீதமானால், அதே இருபது ஆண்டுகளில் போவது 38 சதுர மீட்டர். அதாவது ஒரு சென்டுக்கும் குறைவு. இழந்த பத்துச் சென்டுக்குப் பட்டாவில் பெயர் இருந்தாலும் பயிர் வைக்க மண் இராது.

போன கரை திரும்புமா?

அரிப்பு குறைந்தபின் கரையில் செடிகொடிகள் தாமாகவே முளைத்து அதை உறுதிப்படுத்தும் என்று எதிர்பார்ப்பது சகஜம். கார்டன் ஆற்றில் இது நிகழ்கிறது; ஆனால் மிக மெதுவாக நிகழ்கிறது. அக்கரையில் முதலில் குடியேறும் மரங்கள் மிகவும் தாமதித்து வளரும் ஜாதி. ஹியூவான் பைன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவே பருக்கும். இம்மாதிரி மரங்கள் வளர்ந்து கரைக்குத் தக்க பலம் அளிக்கப் பல பத்து ஆண்டுகள் செல்லும் என்று மேற்படி 1995-ஆம் ஆண்டு வெளியீடு கூறுகிறது.

நாணலும் கோரையும் வளரும் வெப்பநாடுகளில் பசுமை விரைவாக மூடக்கூடும். ஆயினும் போன மண் போனதே. பல தலைமுறைகளாக வெள்ளம் படியவைத்த வண்டலை எந்தச் செடியும் திரும்பக் கொண்டுவராது. செடி செய்யக்கூடியது மிஞ்சிய மண்ணைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே. ஆகையால் குடைவு சிறிதாயிருக்கும்போதே விதி செய்தல் உசிதம்.

பயிர்நிலத்தை அடுத்த ஆறுகளில்

கார்டன் ஆறு காட்டாறு. மேய்ச்சல் நிலமும் பயிர்நிலமும் உள்ள இடத்தில் இவ்விதிகள் நடைமுறைக்கு வருமா என்னும் ஐயத்திற்கு, இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நார்போக், சபோக் ஜில்லாக்களின் பிராட்ஸ் என்னும் நீர்நிலப் பிரதேசம் விடையளிக்கிறது. அங்கே பியூர், யேர், வேவ்னி முதலிய மெதுவான ஆறுகள் ஓடுகின்றன. அவற்றின் இருபுறமும் உள்ள மேய்ச்சல் நிலங்கள் மிகவும் தாழ்ந்தவை. கரை உடைந்தால் ஆற்று ஜலம் மேய்ச்சலுக்குள் புகும். முற்காலத்தில் காற்றாடிகளாலும் இப்போது மின்சாரப் பம்புகளாலும் வடிகால் ஜலம் இறைக்கப்படுகிறது.

இந்த ஆறுகளில் வாடகைப் படகுகளும் சொந்தப் படகுகளும் ஏராளம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1989-ல் ஏற்பட்ட பிராட்ஸ் அதிகார சபை இவற்றை மேற்பார்வை செய்கிறது. ஆற்றின் அகலத்திற்கும் கரையின் நிலைமைக்கும் தக்கபடி மணிக்கு 3, 4, 5, 6 மைல் என வேக எல்லைகள் வகுக்கப்பட்டு, கரையில் பலகை நாட்டி அறிவிக்கப்பட்டுள்ளன. நீர்ச்சறுக்கு விளையாட்டை முழுதும் தடுக்காமல், யேர், வேவ்னி ஆறுகளில் குறித்த சில பகுதிகளில் மட்டும் அனுமதித்திருக்கிறார்கள்.

அங்கே கரையோர நாணல் அழிந்ததற்குப் படகு மட்டுமே காரணமன்று. நிலங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்த உரச்சத்து மிகுந்து ஜலம் கெட்டதும், ரோமத்திற்காக 1929 முதல் கொண்டுவரப்பட்டு வெளியே தப்பிய கோய்பு என்னும் பெரிய நீரெலி நாணலைத் தின்றதும் காரணங்களே. அப்பிராணி 1989-ல் முற்றும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கரைச்சேதத்திற்கு ஒரே காரணத்தைத் தேடுவது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

விதிகளின் வகைகள்

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து, படகலையைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்:

1. வேக எல்லை. படகின் நீளத்திற்கும் ஆற்றின் ஆழத்திற்கும் பொருந்த விதித்தல். சிறிய படகுகளுக்கு நடுநிலையை எட்டாத தாழ்ந்த வேகமே தக்கது.

2. எல்லை வகுத்தல். மணற்கரையும் புதுவண்டல் கரையும் உள்ள பகுதிகளை மூடி, பாறையோ உறுதியான களிமண்ணோ உள்ள பகுதிகளைத் திறந்துவிடுதல்.

3. படகின் ஜாதியைக் கட்டுப்படுத்தல். பெரிய அலை எழுப்புவதற்காகவே பாரமேற்றும் படகுகளைக் குறுகிய ஆற்றில் அனுமதியாதிருத்தல்.

4. காலக் கட்டுப்பாடு. நீர்மட்டம் மிகத் தாழ்ந்தபோதும், கரை முழுதும் ஊறியிருக்கும் வெள்ளக் கடைசியிலும் படகோட்டத்தைக் குறைத்தல்.

5. அனுமதிச் சீட்டு. தொழிலாகப் படகு நடத்துவோர் விதிகளுக்கு உட்பட்டு நடப்பதாக ஒப்புக்கொண்டபின் அனுமதியளித்தல்.

இவ்விதிகளால் படகுத் தொழில் அழிந்துவிடும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை. கார்டன் ஆற்றில் மேற்பகுதி மூடப்பட்டும், கீழ்ப்பகுதியில் ஸ்ட்ராஹனிலிருந்து உல்லாசக் கப்பல்கள் இன்றும் சென்று வருகின்றன. காண வருவோர் காண்பது கரையையும் அதன் மரங்களையுமே. அவை இடிந்தபின் காண்பதற்கு ஒன்றும் இராது. ஆகையால் படகுக்காரரின் நன்மையும் நிலக்காரரின் நன்மையும் இவ்விஷயத்தில் ஒன்றே.

கேட்டின் காரணத்தைக் கண்டறிதல்

விதி வேண்டுமென்று கோருமுன் காரணத்தை நிச்சயிக்கவேண்டும். வெள்ளத்தினால் நேரும் அரிப்பு பெரும்பாலும் ஆற்று வளைவின் வெளிப்புறத்தில் காணப்படும்; உட்புறத்தில் மணல் சேரும். படகலையினால் நேரும் அரிப்போ நேரான பகுதியிலும், வளைவின் உட்புறத்திலும், இரு கரைகளிலும் ஒரே மட்டத்தில் குடைவாகத் தெரியும். வெள்ளமில்லாத மாதங்களில் குடைவு ஆழமாவதும், படகு சென்றவுடன் கரையோரம் கலங்குவதும் மற்ற அடையாளங்களாம். கரையில் மாடு இறங்கும் இடத்திலும், மணல் அள்ளிய இடத்திலும், நாணலை வெட்டி வெறுமையாக்கிய இடத்திலும் அரிப்பு நேர்ந்தால் அதைப் படகின்மேல் சுமத்தலாகாது. கரைப்பசுமையைக் காப்பது நிலக்காரரின் கடமை. அதைச் செய்யாதவர் பிறர்மேல் குறை கூறினால் அது செல்லாது.

அளப்பதற்கு அதிகச் செலவில்லை. ஏறக்குறைய மூன்றடி நீளமுள்ள இரும்புக் கம்பிகளைக் கரையின் முகப்பில் படுக்கைவாட்டமாக அடித்து, ஓர் அங்குலம் மட்டும் வெளியே விடவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒன்றும், அதற்கு மேலே ஒன்றுமாக அடிப்பது நலம். அந்த இடங்கள் இரு கரைகளிலும், நேரான பகுதியிலும் வளைவிலும் பரவியிருக்கவேண்டும். முக்கியமாக, படகு செல்லாத ஒரு பகுதியிலும் அதே ஜாதிக் கரையில் சில கம்பிகளை அடிக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுவே ஆதாரம். மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும், வெளியே தெரியும் நீளத்தை அளந்து தேதியுடன் புஸ்தகத்தில் எழுதிவரவேண்டும். படகு செல்வோர் தட்டுப்படாதபடி கம்பியின் நுனிக்குச் சாயம் பூசுவதும் உசிதம்.

முடிவாக

ஆற்றங்கரை பொதுச் சொத்து. அதை ஒட்டிய நிலம் தனிச் சொத்து. முன்னது கரைந்தால் பின்னதும் கரையும். படகலையின் கேடு கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் நடப்பதனால், சண்டையினாலும் மனுக்களினாலும் மட்டும் அதை நிரூபிக்க இயலாது. கார்டன் ஆற்றில் விதிகளால் விளைந்த நன்மையை எல்லோரும் அறியச் செய்தது சில இரும்புக் கம்பிகளும், தவறாமல் எழுதிவைத்த கணக்குமே. படகோட்டம் புதிதாகத் தொடங்கும் ஆறுகளை அடுத்த கிராமங்களில், முதல் படகு ஓடுமுன்னரே நிலக்காரர்களும் கிராம அதிகாரிகளும் கூடி இத்தகைய கணக்கைத் தொடங்கிவிடுவது சிறந்தது. படகு ஓடத் தொடங்கியபின் எடுக்கும் அளவுகளுக்கு ஒப்பிட வேறு ஆதாரம் அரிது. முன்னமே எடுத்த அளவுகள் கையிலிருந்தால், விதி வேண்டுமா, எவ்வளவு வேண்டும், செய்த விதி பலித்ததா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை அவற்றிலிருந்தே கிடைக்கும்.